பெடல் கல்லாகிவிட்டதா? பூஸ்டரைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2009 மாடல் டீசல் பிக்கப். ஒரு வாரமாக பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கிறது. ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. ‘வேக்குவம் லீக், பூஸ்டரை மாத்தணும்’ என்கிறார் மெக்கானிக். யூட்யூப் பார்த்து, லீக்கைப் பிடிக்க, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கைச் சுற்றி கார்ப் கிளீனர் அடித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: அந்த ஸ்ப்ரேயை முதலில் மூடி வையுங்கள். அது பெட்ரோல் வண்டிக்கான வித்தை. பூஸ்டர் என்பது வேக்குவத்தை, அதாவது காற்று உறிஞ்சலை, வைத்து உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் டப்பா. பெட்ரோல் வண்டியில் அந்த வேக்குவம் இன்டேக்கிலிருந்தே வரும். உங்கள் வண்டியில் வேக்குவத்தை உண்டாக்குவது டைனமோவின் பின்பக்கம் இருக்கும் சின்ன பம்ப். டீசல் இன்டேக்குக்குள் ஸ்ப்ரே போனால் லீக் தெரியாது, இன்ஜின்தான் தாறுமாறாக ரேஸ் ஆகும்.

இன்ஜினை அணைத்து பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானாக இறங்கினால் வேக்குவம் வருகிறது. இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ் பக்கம் போங்கள். இறங்கினால், இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று போக வேண்டும். முதல் மிதியே கல்லென்றால், சேர்ந்த வேக்குவம் ஒன்வே வால்விலோ (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) பூஸ்டரிலோ கசிகிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போது காலடியில் ‘உஸ்ஸ்’ சத்தம் நிற்காமல் கேட்டால் பூஸ்டரேதான்.

வேக்குவம் கேஜ் இருந்தால் பம்ப் வாயிலேயே மாட்டுங்கள். ஐட்லிங்கில் 600 மி.மீ. மெர்குரிக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், பம்புக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் பம்பை மாற்றாதீர்கள். ஹோஸ் பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில்தான் வெடிக்கும். நீளம் இருந்தால் ஒரு அங்குலம் வெட்டி மாட்டினாலே தீரும். புதிதாகப் போடுவதென்றால் தடித்த வேக்குவம் ஹோஸ்தான். டீசல் ஹோஸ் சூட்டில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஒன்வே வால்வைக் கழற்றி ஊதுங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து காற்று போகணும், பம்ப் பக்கமிருந்து போகக்கூடாது.

பூஸ்டர்தான் போயிருக்கிறது என்றால், பூஸ்டருக்கு முன்னால் இருக்கும், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அதன் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால், இல்லை பூஸ்டர் முகப்பில் பெயின்ட் உரிந்திருந்தால், பின் சீல் வழியாக பிரேக் ஆயில் உள்ளே போய் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்தைக் கெடுத்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் ஆயில் குறைவதும் இதனால்தான். சீலை விட்டுவிட்டு பூஸ்டரை மட்டும் மாற்றினால், புதுசும் அதே வழியில் போகும். இதைச் சொல்லாமல் இரண்டாவது பூஸ்டரையும் விற்பவர்கள் உண்டு. கறுப்பு பெயின்ட் அடித்த பழைய டப்பாவை ‘ரீகண்டிஷன்’ என்று தள்ளுவார்கள். அதில் மெக்கானிக்குக்கு கமிஷன் வேறு. பழைய பூஸ்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

‘போன மாசம்தானே எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) ஆச்சு’ என்று நினைக்காதீர்கள். புரோக்கர் வாங்கித் தரும் எஃப்.சி.யில் உங்கள் பெடலை யார் மிதித்துப் பார்த்தார்கள்?

சரியாகும்வரை லோடு ஏற்றாதீர்கள். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டவே கூடாது. பூஸ்டர் நன்றாக இருந்தாலும் மிச்ச வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்.