ராத்திரி மூணு மணிக்கு ராஜினாமா கடிதம் எழுதாதீங்க

தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கண்டியில ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டல்ல நேர்ஸா 4 வருசம் 7 மாசம். நைட் 12 மணித்தியாலம், காலையில ஆள் வராட்டி அதையும் சேர்த்து பாக்கணும், ரெண்டு வார்டுக்கு ஒரே ஆள், ஓவர்டைம் காசு ஒழுங்கா வராது, மேட்ரன் நோயாளிங்க முன்னாடியே ஏசுவாங்களாம். தூக்கம் வராம பிரிட்டன் (Piriton, அலர்ஜிக்கு குடுக்குற மருந்து) குளிசைய போட்டு படுக்குறாங்க. விட்டுட்டு போகலாம்னா இன்னும் ஒரு வருசம் பொண்ட் (இடையில விட்டா காசு கட்டணும்னு எழுதி வாங்கின ஒப்பந்தம்) இருக்கு, 3 லட்சம், அண்ணன் பிணை, ஒரிஜினல் சேர்டிபிகேட் எல்லாம் அவங்க அலுமாரியில. "நாளைக்கே எழுதி குடுத்துட்டு வந்துரவா?"

வேணாம் தங்கச்சி, இப்போதைக்கு வேணாம். "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்"னு நீங்களே ஒரு வரி எழுதி குடுத்தா அவங்களுக்கு அது பெரிய சீதனம். ஆள வேலை செய்ய விடாம நெருக்கி தானா போக வைக்கிறதையும் வேலை நீக்கம்னு எடுத்துக்க தொழில் நியாய சபையால முடியும், விலகி 6 மாசத்துக்குள்ள போகணும், ஆனா அங்க மறுபக்கத்து லோயர் முதல்ல தூக்கி காட்டுறது உங்க கையெழுத்துல இருக்குற அந்த வரியத்தான்.

இன்னொண்ணு, பணிக்கொடை. 15 பேருக்கு குறையாம வேலை செய்ற இடத்துல 5 வருசம் முடிஞ்சா, நீங்களா விலகினாலும், வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் (1983ம் வருசத்து 12ம் இலக்க சட்டம்). கடைசிச் சம்பளம் 40,000ன்னு வச்சா 1 லட்சம். இன்னும் அஞ்சு மாசம்தான். அதுக்காக உடம்ப கெடுத்துட்டு இருங்கன்னு சொல்லல. பிரிட்டன் தூக்க மாத்திரை இல்லன்னு உங்களுக்கே தெரியும், அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர்கிட்ட நெலமைய முழுசா சொல்லி மெடிக்கல் லீவு எடுங்க. மனசு தாங்கலன்னா தேசிய மனநல நிறுவகத்தோட உதவி நம்பர் 1926க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே கேளுங்க. அந்த மெடிக்கல் துண்டு நாளைக்கு நமக்கும் ஆதாரம்.

மன அழுத்தத்துக்குன்னு இங்க தனிச் சட்டம் கிடையாது, அதனால நாம பிடிக்க வேண்டியது நேரத்தையும் காசையும். ரோஸ்டர் மாத்தி ஒட்ட முன்ன போட்டோ எடுங்க, சின்ன கொப்பியில வந்த நேரம் போன நேரம் எழுதுங்க, சம்பளத் துண்டு ஒண்ணும் வீசாதீங்க. நோயாளியோட சிகிச்சை விவரம் எழுதுற பெட் ஹெட் டிக்கெட்ட (BHT) மட்டும் போட்டோ எடுக்காதீங்க, நோயாளி ரகசியம்னு உங்க மேலயே விசாரணை வச்சிருவாங்க, நான் பாத்திருக்கேன். நேர்சிங் ஹோம் தொழிலுக்குன்னே சம்பளச் சபை (குறைஞ்ச சம்பளத்த தீர்மானிக்கிற சபை) இருக்கு, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. அது குறைஞ்சாலும், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி; உங்க 8, அவங்க 12 வீதம்), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) அவங்க 3 வீதம் கட்டாம விட்டாலும் லேபர் ஒபிஸ்ல முறைப்பாடு குடுங்க, அவங்க போய் புத்தகத்த திறந்து பாப்பாங்க.

பொண்டுக்கு பயப்படாதீங்க. பொலிஸ் வந்து பிடிக்கிற விசயம் இல்ல, காசு வேணும்னா அவங்கதான் சிவில் வழக்கு போடணும், ட்ரெய்னிங்குக்கு உண்மையில என்ன செலவழிச்சீங்கன்னு கேட்டா பதில் சொல்லணும். கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க கோட்ஸும் சொல்லாது. அண்ணன் பிணைன்னாலும் நீங்க குடுக்க வேண்டியதுக்கு மேல அவர்கிட்ட கேக்க ஏலாது. சேர்டிபிகேட் உங்க சொத்து, திருப்பித் தரச் சொல்லி ரெஜிஸ்டர் தபால்ல ஒரு கடிதம் போட்டு துண்ட வச்சுக்கோங்க.

பொண்ட் கொப்பிய முழுசா அனுப்புங்க, முதல் பக்கம் மட்டும் காணாது. ட்ரெய்னிங் செலவு எவ்வளவுன்னு உள்ளுக்க எங்கயாவது எழுதியிருப்பாங்க, இல்லாட்டி எழுதாம விட்டிருப்பாங்க.