சைக்கிள் கேள்வி–பதில்: சாவனதுர்கா சுற்று, பன்னேர்கட்டா யானை, செயினில் சுற்றும் கொள்ளுக்கொடி

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை காடும் கிராமமுமாக 100 கிலோமீட்டர் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. எந்தப் பக்கம் போகலாம்? – வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: ஸ்ரீராமபுரத்துக்காரர்களுக்கு மாகடி ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. அதில் மேற்கே போய், தாவரெகெரே தாண்டி, மாகடி ஊர் வருவதற்கு முன்பே இடப்பக்கம் சாவனதுர்காவுக்குத் திரும்புங்கள். 1,226 மீட்டர் உயரமுள்ள அந்த ஒற்றைப் பாறை மலையின் அடிவாரத்தில் நரசிம்மர் கோயில் இருக்கிறது. அங்கிருந்து காட்டை ஒட்டிய சாலை மஞ்சனபெலே அணைக்கு இறங்கும். பிறகு ராமோஹள்ளி பெரிய ஆலமரம், கெங்கேரி, மைசூர் ரோடு, வீடு. மொத்தம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதிதான் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்துக்கும் மஞ்சனபெலேக்கும் தண்ணீர் தருகிறது. ஆகவே இந்தச் சுற்றை ஓர் ஆற்றின் பள்ளத்தாக்குச் சவாரி என்றே சொல்லலாம்.

பலர் இதையே தலைகீழாக, ஆலமரத்தில் தொடங்கி ஓட்டுகிறார்கள். மாகடி ரோட்டில் தொடங்குவதே சிறந்தது என்பது எங்கள் கருத்து. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இந்தத் திசையில் போனால் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கமே வரும், எதிரே வரும் லாரிக்குக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. நிழல் குறைந்த மாகடி ரோட்டை வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். இன்னொன்று, ஜனவரியில் பெங்களூரில் சூரியன் உதிக்கவே 6.45 மணி ஆகிவிடும். சிறுத்தையும் கரடியும் உள்ள காட்டோரத்தை இருட்டில் தொடக்கூடாது.

காலை 5.30க்குக் கிளம்பினால், டீ குடிக்க நிற்பதையும் சேர்த்து 8.15க்கு சாவனதுர்கா, 9.15க்கு அணை, 10.30க்கு ஆலமரம், 12 மணிக்கு வீடு. ஓடும் நேரத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்று வைத்த கணக்கு இது. உங்கள் மூவரில் மெதுவாக ஓட்டுபவரின் வேகத்தை வைத்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். கணக்கு தப்புவது பெரும்பாலும் அணைக்குப் பிறகுதான். அணை பள்ளத்தில் இருக்கிறது. கால் களைத்த நேரத்தில் ஆலமரம் வரை மேலேறி வரவேண்டும். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல்லும் பின்னால் பெரியதில் 32 பல்லும் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். பின்னால் 25 பல்தான் இருக்கிறது என்றால் கிளம்புமுன் கேசெட்டை (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கை) மாற்றிவிடுங்கள்.

மேப் ஆப்பில் சைக்கிள் வழி கேட்டால் தோட்டத்துப் பாதைக்குள் எல்லாம் இழுத்துப்போகும். முதல் நாள் இரவே சாட்டிலைட் படத்தில் வழி முழுவதையும் பெரிதாக்கிப் பாருங்கள்: தார் சாலை கறுத்த கோடாகத் தெரியும், மண் பாதை செம்மண் நிறத்தில் தெரியும். காட்டில் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் பைக்குக்கும் சைக்கிளுக்கும் தடை. கெங்கேரிப் பக்கம் சர்வீஸ் ரோடுதான் உங்கள் வழி.

அணையைப் பார்த்ததும் குளிக்கத் தோன்றும். கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே மூழ்கி உயிர்போன செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன.

கேள்வி: பன்னேர்கட்டாவிலிருந்து ராகிஹள்ளி காட்டுச் சாலையில் தனியாக ஓட்டலாமா? – வாசகி, அல்சூர்

பதில்: தனியாக வேண்டாம் அம்மா. அது யானை நடமாடும் இடம். யானைகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் சாலையைக் கடக்கும். எனவே நன்றாக விடிந்த பின்னர், இரண்டு மூன்று பேராகப் போங்கள். காதில் பாட்டு கூடாது. சாலையில் ஈரம் காயாத சாணமோ புதிதாக முறிந்த கிளையோ தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். யானையே தெரிந்தால் 100 மீட்டருக்கு இப்பாலேயே நின்று, மணி அடிக்காமல், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். குட்டி தனியாக நின்றால் தாய் பக்கத்தில்தான் இருக்கும். வனத்துறையினர் தடுத்தால் வாதாட வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் மாகடிப் பக்கம் சாலையில் பரப்பியிருந்த கொடி பின்சக்கரத்தில் சுற்றி, கியர் மாற்றும் டிரெய்லியர் ஒடிந்துவிட்டது. எப்படித் தவிர்ப்பது? – வாசகர், மர்ஃபி டவுன்

பதில்: அறுவடைக் காலத்தில் ராகித் தாளையும் கொள்ளுக்கொடியையும் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் பரப்புவார்கள். ராகித் தாள் வழுக்கும், அவ்வளவுதான். கொள்ளுக்கொடி கயிறு மாதிரி. கேசெட்டுக்கும் டிரெய்லியரின் சின்னச் சக்கரங்களுக்கும் நடுவே புகுந்து, நீங்கள் மிதிக்க மிதிக்க டிரெய்லியரை ஆரக்கம்பிக்குள் இழுத்துவிடும். ஒதுங்க இடமில்லை என்றால் இறங்கி சைக்கிளைத் தூக்கிக் கடப்பதே வழி. தெரியாமல் ஏறிவிட்டால் உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். பின்னோக்கியும் மிதிக்காதீர்கள். செயினைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கையால் தள்ளி, சக்கரத்தைக் கழற்றி, கொடியைக் கத்தியால் அறுத்து எடுங்கள்.

முதலில் ஒடிவது பெரும்பாலும் ஹேங்கர்தான், அதாவது டிரெய்லியரை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு. ஃப்ரேமைக் காப்பாற்ற அது வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அது வேறு, எனவே உங்கள் மாடலுக்குரியது ஒன்று பையில் இருக்கட்டும். அதுவும் இல்லையா? செயின் டூலால் செயினை வெட்டி, டிரெய்லியரை விட்டுவிட்டு, பின்னால் நடுப் பல்சக்கரத்தில் நேராக ஓடும்படி சுருக்கி, குவிக் லிங்க்கால் (செயினின் இரு முனைகளையும் கையால் இணைக்கும் கண்ணியால்) இணையுங்கள். ஒரே கியரில் மெதுவாக வீடு வந்துவிடலாம். 9 ஸ்பீடு (பின்னால் 9 பல்சக்கரம்) செயினுக்கு 9 ஸ்பீடு லிங்க்தான் பொருந்தும்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் எடுத்துப்போக வேண்டும்? – வாசகர், விஜயநகர்

பதில்: மணிக்கு 500 முதல் 750 மில்லி. ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். பசிக்கும் முன்பே, முக்கால் மணிக்கு ஒரு முறை சாப்பிடுங்கள்.

கேள்வி: டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை. முள் எதுவும் இல்லை. ஏன்? – வாசகர், கெங்கேரி

பதில்: காற்று குறைவு. வேகத்தடையிலோ குழியிலோ டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் காற்றழுத்தம் 70 பிஎஸ்ஐ, 32 மி.மீ. டயரில் 55 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பாருங்கள். பின்டயருக்கு 5 கூட்டலாம். வேகத்தடை வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள். ஒரே ஓட்டையாக, டயரைத் தொடும் பக்கம் இருந்தால் கருவேல முள். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து முனையை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பஞ்சராகும். ரிம்மைத் தொடும் பக்கம் இருந்தால், ஆரக்கம்பித் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது.