அப்பாவின் நோட்டில் ஒரு வரி

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 42. கத்தோலிக்கக் குடும்பம். பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா போன மார்ச்சில் தவறிவிட்டார். ஊர்க்கோயில் திருவிழாக் கணக்கு முப்பது வருஷமாக அவர் கையில்தான் இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய பீரோவை ஒழித்தேன். அடியில் ஒரு நீள நோட்டு. தேர் போகும் தெருக்கள், வீட்டுக்கு வீடு வரி வசூல். ஒரு பக்கத்தின் கடைசியில், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில்: 'காலனி. கொடுக்க வந்தார்கள். வாங்கவில்லை.'

வரி வாங்கினால் தேர் அந்தத் தெருவுக்கும் போகணும், அதனால்தான் வாங்குவதில்லை என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட உறைத்ததில்லை. அன்று சாயங்காலம் அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது என் மகள், "சுவருக்கு அந்தப் பக்கம் யாரும்மா?" என்றாள். எனக்கு வாய் எழவில்லை.

என் வேலையும் அப்பா சாமியாரிடம் பேசி வாங்கித் தந்ததுதான். அதே இன்டர்வியூவுக்கு வந்த காலனிப் பெண்ணுக்கு என்னைவிட மார்க் அதிகம். ஏழு வருஷம் கழித்துத்தான் அவரை எடுத்தார்கள். போன வாரம் ஸ்டாஃப் ரூமில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, மன்னிச்சிருங்க என்று அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "இப்ப நான் உங்களைத் தேத்தணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கவே கூசுகிறது. அம்மா, "செத்த மனுஷனைக் கிளறாதே" என்கிறார். நான் என்ன செய்ய?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த டீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை வருஷம் அவர் சுமந்ததை நீங்கள் இப்போதுதான் பார்த்தீர்கள். பார்த்த பாரம் தாங்காமல் அதையும் அவர் மடியிலேயே இறக்கிவிட்டீர்கள். மன்னிப்பு கேட்டது தப்பில்லை. பதில் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில், அழுகையோடு, அவரை நிறுத்தியதுதான் சங்கடம். தயவுசெய்து திரும்பப் போய் இதற்கும் ஒரு மன்னிப்பு கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் அழுகையில் பாதி அப்பாவுக்கானது என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டு மாதமாக அவருக்காக ஏங்கிய மனசுக்கு இப்போது அவர் மேலேயே கோபம். இறந்தவரோடு சண்டை போட முடியாது. அதனால் கோபம் உங்கள் பக்கம் திரும்பி, 'நானே மோசமானவள்' என்று உட்கார்ந்துகொண்டது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டியே எழுதலாம், அம்மாவிடம் காட்ட வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ஞானோபதேச வகுப்பில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவதற்கு, ஐந்து காரியம் சொல்லித் தந்திருப்பார்களே. நீங்கள் மனஸ்தாபத்திலேயே, செய்ததற்கு வருந்துவதிலேயே, நின்றுவிட்டீர்கள். பரிகாரம் என்று ஒன்று பாக்கி இருக்கிறது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூல்காரர் சக்கேயு அழுததாக லூக்கா தன் நற்செய்தியில் எழுதவில்லை. அவர் கணக்குதான் சொன்னார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலு மடங்காக. உங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது.

வேலையை விடுவதைப் பற்றி யோசித்திருந்தால், வேண்டாம். அந்த ஏழு வருஷம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. அவர் இழந்தது இது மட்டுமல்ல. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். ஆக, அரசாங்கப் பதிவேட்டில் அவர் பட்டியல் சாதி இல்லை, உங்கள் ஊர்த் தேருக்கு மட்டும் காலனி! பள்ளியில் அடுத்த நியமனமோ பதவி உயர்வோ வரும்போது, யார் சிபாரிசும் இல்லாமல் மார்க்கையும் சீனியாரிட்டியையும் பார்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேச உங்களால் முடியும். அவருக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை.

அடுத்தது ஊர். அப்பா உட்கார்ந்த கமிட்டியில் உங்கள் குடும்பத்துப் பேச்சுக்கு இன்னும் காது கொடுப்பார்கள். காலனியிலும் வரி வாங்கணும் என்பதை உங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கு முன், காலனிக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் பேரில் வீராவேசம் வேண்டாம். 2008-ல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு (தனிக் கோயிலும் சாமியாரும்) கேட்டபோது அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்காக எதுவும் நகராது என்றும் நினைக்க வேண்டாம். வடக்கன்குளத்தில் கோயிலுக்கு உள்ளேயே நின்ற சாதிச் சுவரை 1910-ல் இடித்தார்கள். கோர்ட்டுக்குப் போயும் அந்தச் சுவர் மறுபடி எழவில்லை.

அம்மாவிடம் இப்போதைக்கு வாதாட வேண்டாம். அவர் புருஷனைப் பறிகொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மகளிடம் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தாத்தாவின் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பதையும் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.