ஒலி கேள்வி – பதில்: டிஏசி நல்லதுதான், ஹம் எங்கிருந்து?

கேள்வி: நல்ல விலை கொடுத்து வாங்கிய டிஏசி-யை (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) லேப்டாப்பில் யுஎஸ்பி வழியே இணைத்திருக்கிறேன். சார்ஜர் போட்டதும் ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்காரம் வருகிறது. பிடுங்கினால் நின்றுவிடுகிறது. டிஏசி-யில் கோளாறா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றதே, அதுவே சாட்சி. சார்ஜருக்குள் இருக்கும் ஒரு கெபாசிட்டர் வழியே மிகச் சிறிய மின்சாரம் கசியும். அது யுஎஸ்பி வயரின் கிரவுண்டில் இறங்கி, டிஏசி-யைக் கடந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்சிஏ வயரின் உலோக மேலுறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்குப் போகிறது. இசை சிக்னல் திரும்பும் பாதையும் அதே மேலுறைதான். அதனால்தான் 50, 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பாட்டோடு கலக்கிறது.

முதலில் லேப்டாப், டிஏசி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். குறையவில்லையென்றால், யுஎஸ்பி-யை ஆப்டிகலாக மாற்றும் சிறு பெட்டி போதும். ஒளியாகப் போவதால் மின்தொடர்பே அறுந்துவிடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை சிக்கல் வராது. 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாக் கருவியிலும் நிலைக்காது. அதற்குப் பதில் யுஎஸ்பி ஐசொலேட்டர் (யுஎஸ்பி-யின் மின்தொடர்பைத் துண்டித்து, தகவலை மட்டும் கடத்தும் கருவி) வாங்குவதானால் 480 மெகாபிட் வேகம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பலவும் 12 மெகாபிட்தான். உயர்தர டிஏசி அதில் வேலை செய்யாமலே போகலாம். டிஏசி, ஆம்ப்ளிஃபயர் இரண்டிலும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள இணைப்பு) இருந்தால், எதையும் வாங்கும் முன் அதைத்தான் முயல வேண்டும். அதில் சிக்னலுக்கு இரண்டு தனி வயர்கள். மேலுறையில் ஓடும் கசிவு பாட்டைத் தொடாது.

எர்த் பின்னை ஒடித்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹம் நிற்கலாம், ஆனால் உள்ளே இன்சுலேஷன் போன அன்று உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி நிற்கும். அதற்குப் பதில் மல்டிமீட்டரை ஏசி-யில் வைத்து, வீட்டில் லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டுக்கு மேல் போனால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துப் பாறையும் சரளுமான தரையில் எர்த் குழி கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும்; தண்ணீர் ஊற்றி ஈரம் காப்பது அவசியம்.

கேள்வி: பக்திப் பாடல் மிக்ஸிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். டிஏசி-யை எக்ஸ்எல்ஆரில் மானிட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் சத்தம் தாங்கவில்லை. மென்பொருளில் 40 டெசிபல் குறைத்துக் கேட்கிறேன். சரியா?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: சரியல்ல. பாட்டை 40 டெசிபல் இறக்கினாலும் டிஏசி-யின் அனலாக் பகுதி இரைச்சல் இறங்காது. பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 120 டெசிபல் என்று காசு கொடுத்து வாங்கியதில் 80தான் கைக்கு வருகிறது. பல டிஏசி-கள் எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட் வரை தரும். உங்கள் ஸ்பீக்கரின் பின்புற வால்யூம் திருகு முழுதாகத் திறந்திருக்கும். அதை இறக்குங்கள். பிறகு மென்பொருளின் உச்ச அளவுக்கு 20 டெசிபல் கீழே (மைனஸ் 20) பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராக, உட்காரும் இடத்தில் சத்தம் அளக்கும் மீட்டர் 76 முதல் 78 டெசிபல் காட்டும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். மீட்டரை ‘சி வெயிட்டிங்’, ‘ஸ்லோ’ என்ற அமைப்புகளில் வையுங்கள். சிறிய அறைக்கு அது போதும்.

கேள்வி: கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டு கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நல்ல டிஏசி சொல்லுங்கள்.
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான ஏடிசி, அதாவது அனலாக் ஒலியை டிஜிட்டலாக மாற்றுவது. லைன் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் அது இருக்கும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். அதற்கு முன் டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குடத்தின் அதிர்வும் வீசுகோல் மணியும் மங்கிக் கேட்டால் பெரும்பாலும் ஹெட் அழுக்கோ, அதன் சாய்வுக் கோணமோதான் காரணம்.

கேள்வி: ஆர்-2ஆர் டிஏசி, சாதாரண சிப் டிஏசி-யைவிட இனிமையா?
– வாசகர், தென்காசி

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஆர்-2ஆர் என்பது ஏணிபோல் அடுக்கிய ரெசிஸ்டர்களால் ஒலியை உருவாக்குவது. 16 பிட் ஏணியின் மேல்படி ரெசிஸ்டர்கள் சுமார் 0.0015 சதவீதத் துல்லியத்தில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மெல்லிய ஒலிகளில் கரகரப்பு தெரியும். சாதாரண டிஏசி-களில் இருக்கும் டெல்டா-சிக்மா வகை சிப்பில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டையும் கேட்டுத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் சத்த அளவைச் சமமாக்குங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தம் உள்ளதையே காது நல்லது என்று சொல்லிவிடும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்தால், இரண்டுக்கும் 1 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.