திருமலையிலிருந்து போர் வரலாற்று ஆய்வாளர் ஆகலாமா?

வரலாற்றில் பீஏ முடித்துவிட்டு, திருமலையில் (திருகோணமலையில்) இருந்துகொண்டே போரும் வெளியுறவும் ஆய்வுசெய்து விரிவுரையாளர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். ஆனால் ‘பனிப்போரும் இலங்கையும்’ என்ற தலைப்பு முதுமாணிக்கு மிகப் பெரிது, விடுங்கள்.

உங்கள் துறைமுகத்தையே எடுங்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1947இல் பிரித்தானியாவுடன் இலங்கை செய்த பாதுகாப்பு ஒப்பந்தம் முதல் 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தது வரையான பத்து வருடம் சரியான அளவு. நடுவில் பண்டாரநாயக்காவின் 1956 தேர்தல் வெற்றியும் சூயஸ் கால்வாய் நெருக்கடியும் வருகின்றன, சுவாரசியத்துக்குக் குறைவிருக்காது.

கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டிலும் தொடங்குங்கள். லண்டன் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தைக் கலாநிதிப் பட்டத்தின்போது, உதவித்தொகை கிடைத்தால் பார்க்கலாம். அப்புறம், டொக்யார்டில் (கடற்படைக் கப்பல் பட்டறையில்) வேலைசெய்த குடும்பங்களை இப்போதே தேடிப் பேசுங்கள். கோப்புகள் காத்திருக்கும், அவர்கள் வயதானவர்கள்.