குடும்பங்களும் அங்கத்தவர்களும்: ஊடகம் படிக்க விரும்பும் ஒருவருக்கு

அன்பின் ஐயா அவர்களுக்கு,

நான் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். இம்முறை கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதினேன்; தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எனது பாடங்களில் ஒன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளைப் படிக்க விரும்புகிறேன். அம்மா ஆசிரியத் தொழிலுக்குப் போகச் சொல்கிறார். மாமாவோ, போனும் யூரியூப்பும் இருந்தால் இன்று எவரும் ஊடகவியலாளர்தான், அதற்கு மூன்று நான்கு வருடம் எதற்கு என்று கேட்கிறார். எங்கள் மக்களின் குரலாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. பட்டம் அவசியமா? இப்போதிருந்தே எப்படித் தயாராகலாம்? என்ன கமரா வாங்கலாம்?

க., முல்லைத்தீவு மாவட்டம்.

அன்பின் க.,

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் இருப்பதுபோல ஒரு கட்டாயத் தகுதி இலங்கையில் செய்தியாளருக்கு இல்லை. வன்னியிலிருந்து எழுதிய பலர், நானும் அவர்களில் ஒருவன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே நிருபர்களானவர்கள். ஆனால் அப்படி வந்தவர்கள் தொழிலை யாருடைய செலவில் கற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு மாரியில் வெள்ளம் வந்தது. அலுவலகம் ஒன்றிலிருந்து தொலைபேசியில் சொல்லப்பட்ட தொகையை அப்படியே எழுதி அனுப்பினேன். அனர்த்த அறிக்கையில் குடும்பங்களுக்கு ஒரு நிரலும் அங்கத்தவர்களுக்கு இன்னொரு நிரலும் இருக்கும் என்பதை அறியாத நான், அங்கத்தவர் தொகையைக் குடும்பத் தொகையாக எழுதிவிட்டேன். மறுநாள் காலை தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, எங்கட ஊரில இவ்வளவு குடும்பம் இருந்தால் எங்களுக்கெண்டு தனியா ஒரு எம்.பி. வந்திருப்பார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நிவாரணம் கொண்டுவந்தவர்கள் அந்தக் கிராமத்தவர்கள்தான் தொகையைக் கூட்டிச் சொன்னார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு குடும்ப அட்டையையும் மழைக்குள் நின்று சரிபார்த்ததை அறிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. திருத்தம் மூன்று நாள் கழித்து உள்பக்கத்து மூலையில் நான்கு வரியில் வந்தது. விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் ஒருவர் என் பயிற்சிக் கட்டுரையைச் சிவப்பு மையால் கீறியிருந்தால் அந்தப் பிழை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆகவே படியுங்கள் என்பதே என் பதில். வன்னிக்குள் இருந்துகொண்டே இதைப் படிக்க வழியில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும் தொழினுட்பமும் இருக்கின்றன, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வணிகமும் பிரயோக விஞ்ஞானமும் தொழினுட்பமும் இருக்கின்றன, ஊடகத்துக்கு யாழ்ப்பாணம்தான் போக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் கொழும்பில் 2004 இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரியில் தமிழிலும் டிப்ளோமா படிக்கலாம்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். மக்களின் குரலாக இருக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் எங்கள் சனத்துக்குக் குரல் இல்லாமல் போனதில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், வந்த ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் அதே கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். "எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம்" என்ற கேள்வியை நீங்களும் உங்கள் ஊரில் கேட்டிருப்பீர்கள். அழுகையைப் பதிவுசெய்தவர்கள் ஏராளம். எந்தத் திகதியில், எந்த இடத்தில், யார் பார்த்திருக்க, எந்த ஆணைக்குழுவிடம் எந்த இலக்கத்தில் முறைப்பாடு கொடுக்கப்பட்டது, அதன் பிரதி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. சாட்சிகள் நிறைந்தும் சரிபார்க்கப்பட்ட பதிவுகள் அருகியும் இருக்கும் ஒரு நிலத்திலிருந்து நீங்கள் இத்தொழிலுக்கு வருகிறீர்கள் என்பதால், அந்தச் சரிபார்ப்பைத்தான் உங்கள் முதல் வேலையாகக் கருதுகிறேன்.

அது எவ்வளவு பெரிய வேலை என்பதற்குத் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜனைச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2 அன்று அந்நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்தபோது, அவர்கள் தாங்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்புக் கூறியது. சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாவின் தயக்கத்துக்குப் பின்னால் இப்படியான பெயர்கள் இருக்கலாம். அவருடைய பயத்தை அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள், அதைப் பற்றி அவருடன் அமர்ந்து பேசுங்கள்.

தயாராவது எப்படி என்று கேட்டீர்கள். பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் உங்கள் ஊரையே பாடமாக வையுங்கள். முத்தையன்கட்டுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அதை வைத்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், வாய்க்காலின் கடைசியில் இருப்பவருடைய பங்கு என்ன ஆகிறது என்பவற்றைக் கமக்காரரிடமும் நீர்ப்பாசன அலுவலகத்திலும் தனித்தனியே கேட்டு, இரண்டு பதில்களும் எங்கே வேறுபடுகின்றன என்று எழுதிப் பாருங்கள். வேறுபடும் இடத்தில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) இன்றே பயன்படுத்தலாம். அதற்கு நிருபர் அட்டை வேண்டியதில்லை, பிரசையாக இருந்தால் போதும். பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் உங்கள் ஊர் வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கேள்வியை மொட்டையாக எழுதினால் மொட்டையான பதில்தான் வரும். ஆண்டையும் வீதியின் பெயரையும் குறிப்பிட்டு எழுதப் பழகுவதே பாதிப் பயிற்சி.

நீதிமன்றச் சொற்களையும் இப்போதே படியுங்கள். உங்கள் மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29 அன்று நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன; முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. எத்தனை எலும்புக்கூட்டுத் தொகுதிகள் எடுக்கப்பட்டன என்பது ஒரு செய்தி, அவை யாருடையவை, எக்காலத்தவை என்பது நிபுணர் அறிக்கை வந்த பிறகே எழுதக்கூடிய இன்னொரு செய்தி. இரண்டையும் ஒரே தலைப்பில் குழைத்துப் போட்டவர்கள் இருந்தார்கள்; காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது என்ன செய்யும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிங்களம் படியுங்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். வன இலாகா, தொல்லியல் திணைக்களம், பொலிஸ் என்று காணியோடு தொடர்புபட்ட அலுவலகங்களின் கோப்புகளில் பெரும்பகுதி சிங்களத்தில் இருக்கும்போது, மொழிபெயர்த்துச் சொல்பவர் விட்டுவிட்ட வரி எது என்பதை அறிய உங்களுக்கு வேறு வழியில்லை.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். பிரதேச நிருபர்களிற் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அதுவும் பிந்தித்தான் வரும். என்னை வாழவைத்தது எழுத்தோடு நான் செய்த தோட்டம். அம்மா சொல்லும் ஆசிரியத் தொழிலை எதிரியாகப் பார்க்காதீர்கள். பட்டத்தில் இன்னொரு பாடத்தையும், புவியியலோ பொருளியலோ, சேர்த்து எடுத்துக்கொண்டால் அந்தக் கதவும் திறந்திருக்கும், குளத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் எழுதவும் அது உதவும்.

கமரா இப்போதைக்கு வேண்டாம். கையிலிருக்கும் தொலைபேசி போதும். அந்தப் பணத்தில் கோடு போட்ட தடித்த கொப்பிகள் சிலவற்றையும் சிங்கள வகுப்புக்குப் போகப் பஸ் கட்டணத்தையும் ஒதுக்கி வையுங்கள். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் திகதியை எழுதுங்கள்.