விலைவாசி ஏறும்போது குறைந்த வருமானக் குடும்பங்கள் முதலில் எதைக் குறைக்கின்றன?

சாப்பாட்டைத்தான். வாடகையைக் குறைக்க வழியே கிடையாது.

நாங்கள் சென்னை வியாசர்பாடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா கொத்தனார். மழை பிடித்துக்கொண்டால் வேலை இருக்காது, ஆனால் 5ஆம் தேதி வாடகை கொடுத்தே ஆக வேண்டும். கரண்டுக்குத் தனிக் கணக்கு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து சப் மீட்டர் வழியாகக் கரண்டு வாங்கிய எங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே வீட்டுக்காரர் சொன்ன ரேட்தான்.

சரி, வாடகை குறைவான வீட்டுக்குப் போகலாமே என்பார்கள். அங்கே அட்வான்ஸுக்கு எங்கே போவது? எழுத்தில் வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் பத்து மாதம்தான் கேட்டார்கள். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும்.

ஆக, கை வைக்க மிச்சம் இருப்பது அடுப்படி மட்டும்தான். இதிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் ரேஷன் இருப்பதால் சோறு இல்லாமல் போகவில்லை. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அது இல்லாவிட்டால் எங்கள் நிலைமையை நினைத்தே பார்க்க முடியவில்லை. குறைந்துபோவது காய்கறி, பால், முட்டை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் மாதம் முழுக்கப் புளிரசம்தான். மாதச் சாமான் மொத்தமாக வாங்கப் பணம் இருக்காது. அன்றன்றைக்கு 20 ரூபாய்க்கு எண்ணெய், பத்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள். இப்படிச் சில்லறையாக வாங்குகிறவர்கள்தான் கிலோ கணக்குப் பார்த்தால் அதிக விலை கொடுக்கிறார்கள்.

இரண்டு முட்டையில் நிறைய வெங்காயம் போட்டு நான்கு பேருக்குப் பொரியல் செய்வார் அம்மா. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, வாணலியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஒட்டியிருப்பதோடு சாப்பிட்டுவிடுவார். கேட்டால், "இதுலதான்டா ருசியே இருக்கு" என்பார். வெகு நாள் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். குடும்பம் எதைக் குறைக்கிறது என்று கேட்பவர்கள், அந்த வீட்டில் யாருடைய தட்டில் முதலில் குறைகிறது என்றும் கேளுங்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் அரசின் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அம்மா கணக்கில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு டஜன் முட்டை வாங்கிவந்தார். ஜனவரியில் வீட்டுக்காரர் வாடகையில் 500 ரூபாய் ஏற்றினார்.